மேடையில் கேட்பது ஒன்று, கூட்டத்துக்குக் கேட்பது ஒன்று: முதல்முறை கச்சேரியில் பாட, வாசிக்கப் போகிறவர்களுக்கு

தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் மெல்லிசைக் கச்சேரி என்றால் முக்கால்வாசி திறந்தவெளிதான். மாசியில் தொடங்கி வைகாசி வரை ஊர் ஊராக மாரியம்மன் பண்டிகை, மாம்பழ சீசனில் கிருஷ்ணகிரி மாங்கனிக் கண்காட்சி, ஆடிப் பதினெட்டுக்கு ஒகேனக்கல், நடுநடுவே கல்யாண வரவேற்பு. மேடை என்பது சில ஊரில் கோயில் முன் கட்டிய சிமெண்டுத் திண்ணை, சில ஊரில் டிராக்டர் டிரெய்லர்.

ஒத்திகையில் பிரமாதமாக வாசிக்கிற பையன்கள் இந்த மேடையில் ஏறியதும் தடுமாறுவதைப் பல வருஷமாகப் பார்க்கிறேன். வித்தை போதாமல் இல்லை. காதில் விழுவதை நம்பி வாசித்துப் பழகியவர்கள், மேடையில் காதில் விழுவதை அப்படியே நம்பக்கூடாது என்பது தெரியாமல் மாட்டிக்கொள்கிறார்கள். கீழே சொல்வதெல்லாம் அதைச் சுற்றித்தான். நான் கீபோர்டு வாசிப்பவன். பேச்சு அந்தப் பக்கம் கொஞ்சம் சாயும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

தேதி கொடுக்கும் முன்

வெற்றிலை பாக்குத் தட்டில் அட்வான்ஸ் வைத்து நீட்டும்போது கை தானாகப் போகும். அதற்கு முன் நாலு கேள்வி கேட்டுவிடுங்கள். மைக் செட் யாருடையது? ஜெனரேட்டர் உண்டா? சாமி ஊர்வலம் எத்தனை மணிக்கு மேடையைக் கடக்கும்? கச்சேரி எத்தனை மணிக்குள் முடிய வேண்டும்?

கடைசிக் கேள்விக்கு "விடிய விடிய பாடுங்க தம்பி" என்று சொல்வார்கள். 2000-ஆம் ஆண்டு வந்த ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது. திருவிழா நாட்களுக்காக வருடத்தில் 15 நாளுக்கு மிகாமல் நள்ளிரவு 12 வரை தளர்த்த மாநில அரசுக்கு அதிகாரம் உண்டு. உங்கள் தேதி அந்தத் தளர்வில் வருகிறதா, போலீஸ் அனுமதி வாங்கியாயிற்றா என்று விழாக்குழுவிடம் கேட்டு, அனுமதிக் கடிதத்தைப் போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பத்தேகாலுக்கு ஜீப் வந்து நின்றால் பதில் சொல்வது மேடையில் மைக்கைப் பிடித்துக்கொண்டிருப்பவர்தான்.

நோட்டீஸில் ஏழு மணி என்று போட்டிருக்கும். பொன்னாடை, வரவேற்புரை, நன்கொடையாளர் பெயர்கள் எல்லாம் முடிந்து நீங்கள் தொடங்கும்போது எட்டரை ஆகியிருக்கும். ஆகவே பாட்டுப் பட்டியலை இரண்டாக எழுதுங்கள், மூன்று மணி நேரத்துக்கு ஒன்று, ஒன்றரை மணி நேரத்துக்கு ஒன்று. சுருக்கப் பட்டியல்தான் அதிகம் பயன்படும்.

பட்டியலும் கட்டையும்

குழுவில் சேர்ந்த முதல் நாளே, பாடும் சுருதியைச் சொல்லும் கட்டைக் கணக்கைப் பழகிக்கொள்ளுங்கள். ஒரு கட்டை என்றால் சி, இரண்டு டி, மூன்று ஈ, நான்கு எஃப், ஐந்து ஜி, ஆறு ஏ. இடையில் வரும் கறுப்புக் கட்டைகள் ஒன்றரை, இரண்டரை, நாலரை, ஐந்தரை. "அண்ணா, இது எனக்கு இரண்டரைல வேணும்" என்று பாடகி மேடையில் சொன்னால் யோசிக்க நேரம் இருக்காது.

ஒத்திகையில் சுகமாகப் பாடும் கட்டையிலிருந்து அரைக் கட்டை இறக்கி எழுதுங்கள் என்பது என் கட்சி. மூன்றில் பாடுகிறவர் இரண்டரையில். இதைச் சொன்னால் பாடகர்களுக்குக் கொஞ்சம் கோபம் வரும். ஆனால் திறந்தவெளியில் தன் குரல் தனக்குச் சரியாகக் கேட்காது, கேட்காததால் கத்துவார்கள், கத்தினால் இரண்டாவது மணி நேரத்தில் மேல் ஸ்தாயி வராது. உச்சிக்குப் போகும் பாட்டு இரண்டை அடுத்தடுத்து வைக்காதீர்கள். பட்டியலில் ஒவ்வொரு பாட்டுக்கும் எதிரே கட்டை, தாளம், யார் தொடங்குவது என்ற மூன்றும் பெரிய எழுத்தில் இருக்கட்டும். மேடை விளக்கில் சின்ன எழுத்து தெரியாது, செல்போனில் வைத்தால் நடுவில் யாராவது கூப்பிடுவார்கள்.

பண்டிகை மேடையில் முதல் பாட்டு பிள்ளையாருக்கோ அம்மனுக்கோ. அது நமக்கும் வசதிதான். எல்லாருக்கும் மனப்பாடமான, நடுத்தர வேகப் பாட்டாக எடுங்கள். முதல் பாட்டு உண்மையில் கடைசி சவுண்ட் செக். புல்லாங்குழல் தனியாகத் தொடங்கும் நுணுக்கமான பாட்டை அங்கே வைத்தால், மைக் செட்காரர் அந்த மைக்கை ஆன் பண்ணுவதற்குள் முன்னிசை முடிந்திருக்கும்.

ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டை, வேப்பனப்பள்ளிப் பக்கம் போனால் தெலுங்கிலும் கன்னடத்திலும் இரண்டிரண்டு பாட்டாவது கையில் இருக்க வேண்டும். உச்சரிப்பை அந்த மொழி பேசுகிற ஒருவரிடம் பாடிக் காட்டித் திருத்திக்கொள்ளுங்கள். பாடாவிட்டாலும் மன்னிப்பார்கள், தப்பாகப் பாடினால் மறுவருஷம் வரை சொல்லிச் சிரிப்பார்கள்.

இன்னொன்று. சாதிப் பெருமைப் பாட்டு, கட்சிப் பாட்டு கேட்டுச் சீட்டு வரும். அதை மேடையில் வைத்து முடிவு செய்யப் பார்க்காதீர்கள். அட்வான்ஸ் வாங்கும்போதே "அந்தப் பாட்டெல்லாம் எங்க குழுவுல பாடுறதில்லைங்க, யார் கேட்டாலும்" என்று சொல்லி, ஒப்பந்தத் தாளிலும் எழுதிவிடுங்கள். ஒருவருக்குப் பாடிவிட்டு அடுத்தவருக்கு மறுத்தால் அன்று ராத்திரி வேன் கிளம்பாது.

மைக் செட்காரர்தான் உங்கள் காது

நேரத்தோடு போய்ச் சேருங்கள், வெளிச்சம் இருக்கும்போதே. இறங்கியதும் முதல் வணக்கம் மைக் செட்காரருக்கு. பெயரைக் கேளுங்கள், டீ வாங்கிக் கொடுங்கள். காலையிலிருந்து கம்பம் ஏறிக் கட்டியிருப்பார். "என்னங்க சவுண்டே வரல" என்று ஆரம்பித்தால் ராத்திரி முழுக்க வராது.

அப்புறம் மேடையைச் சுற்றி ஒரு நடை. பெரிய ஸ்பீக்கர் பாக்ஸ் மேடையின் முன் விளிம்பைவிடப் பின்னால் இருந்தால், பாடகர் மைக்குக்குள் அந்தச் சத்தம் போய், திரும்ப பாக்ஸில் வந்து, மைக் கூவும். இரண்டடி முன்னால் நகர்த்தச் சொன்னாலே பாதிக் கூவல் நின்றுவிடும். மீதிப் பாதி கையில் இருக்கிறது. பாடகர் மைக் பெரும்பாலும் முன்னால் வரும் ஒலியை வாங்கி, பின்னால் வருவதைத் தள்ளுகிற வகை. மானிட்டர், அதாவது மேடையில் இருப்பவர்களுக்குக் கேட்க வைக்கும் ஸ்பீக்கர், பாடகருக்கு நேர் எதிரே, மைக்கின் வாலைப் பார்த்தபடி இருந்தால் கூவாது. சினிமாவில் பார்த்துவிட்டு மைக்கின் வலைத்தலையைக் கையால் பொத்திப் பிடிக்கும் பழக்கம் பல பேருக்கு இருக்கிறது. பொத்தினால் பின்பக்கத் துளைகள் அடைபட்டு, மைக் நாலு பக்கமும் கேட்க ஆரம்பிக்கும். உடனே கூவும். திட்டு வாங்குவது மைக் செட்காரர்.

வாய்க்கும் மைக்குக்கும் இரண்டு விரல் இடைவெளி. மேல் ஸ்தாயியில் நாலு விரலுக்குத் தள்ளுங்கள். ஒட்டிப் பாடினால் குரலில் கீழ்ச்சத்தம் பெருத்து, வார்த்தை மங்கும். "ப" வரும் இடமெல்லாம் வெடி வெடிக்கும். கொஞ்சம் பக்கவாட்டாகப் பிடித்தால் அது குறையும். எக்கோவைப் பாதியாக்கச் சொல்லுங்கள், பேசும்போது முழுசாக நிறுத்தச் சொல்லுங்கள். தெருவே எக்கோ போடும், மெஷின் வேறு எதற்கு?

தெரு என்றதும் சொல்ல வேண்டிய முக்கியமான விஷயம் வருகிறது. பண்டிகை ஊர்களில் மேடையிலிருந்து தெருக்கோடி வரை ஸ்பீக்கர் கட்டியிருப்பார்கள். ஒலி நொடிக்குச் சுமார் 340 மீட்டர் போகும். 34 மீட்டர் தள்ளியிருக்கும் ஸ்பீக்கரின் சத்தம் உங்களுக்கு வந்து சேர நொடியில் பத்தில் ஒரு பங்கு ஆகும். நிமிஷத்துக்கு 120 அடி போகும் குத்துப் பாட்டில் ஓர் அடிக்கும் அடுத்த அடிக்கும் அரை நொடிதான். அதில் ஐந்தில் ஒரு பங்கு பின்தங்கிய தாளம் ஒன்று உங்கள் காதில் விழுந்துகொண்டே இருக்கிறது. எதிர்ச்சுவரில் பட்டு வருவது இன்னும் தாமதம். புதியவர்கள் அதைக் கேட்டு, அதோடு சேரப் பார்ப்பார்கள். சேரச் சேரப் பாட்டு இழுபடும். நாலு பாட்டு முடிவதற்குள் குத்துப் பாட்டு தாலாட்டாகிவிடும்.

இதற்கு வழி ஒன்றுதான். தாளம் வாசிக்கும் மின்கருவியான ரிதம் பேடுக்கு அருகில் நில்லுங்கள், தெருவிலிருந்து வருவதைக் கேட்காதீர்கள். மானிட்டரில் தாளமும் சுருதியும் உங்கள் குரலும் மட்டும் கேட்கும்படி வைக்கச் சொல்லுங்கள். எல்லாவற்றையும் கேட்டால் ஒன்றும் கேட்காது. மானிட்டரே இல்லை என்று கைவிரித்தால், பக்கத்து பாக்ஸ் ஒன்றை மேடைப் பக்கம் கொஞ்சம் திருப்பி வைக்கச் சொல்லுங்கள். அதுவும் முடியாவிட்டால் பேட் வாசிப்பவரின் கையைப் பார்த்துப் பாடுங்கள். கண்ணுக்குத் தாமதம் கிடையாது.

சவுண்ட் செக்குக்கு எடுப்பது உங்கள் பட்டியலிலேயே சத்தம் அதிகமான பாட்டாக இருக்கட்டும். பேட், பேஸ் கிதார், கீபோர்டு, கடைசியாகக் குரல். ஒருவர் கீழே இறங்கிக் கடைசி வரிசைக்கு நடந்து போய்க் கேட்டுவிட்டு வரட்டும். சாயங்காலம் காலி மைதானத்தில் கீச்சென்று கேட்பது கூட்டம் உட்கார்ந்ததும் மங்கும், ஆட்கள் அந்த மேல்சத்தத்தைக் குடித்துவிடுவார்கள். ஆகவே முதல் பாட்டின்போதும் ஒருவர் கீழே நிற்பது நல்லது. எங்கள் குழுவில் அது இரண்டாவது பாட்டுக்குத்தான் மேடை ஏறும் பாடகரின் வேலை.

கரண்ட்

பாலக்கோட்டுக்குப் பக்கத்தில் ஒரு பண்டிகை. மூன்றாவது பாட்டு, சரணம் முடிந்து பல்லவிக்குத் திரும்பும் இடம். கரண்ட் போனது. பத்து நொடியில் ஜெனரேட்டர் பிடித்துவிட்டது. கூட்டம் விசில் அடித்தது. பாடகர் நின்ற இடத்திலிருந்தே பல்லவியை எடுத்தார், காதில் சுருதி அப்படியே இருந்தது அவருக்கு. கீபோர்டு திரையில் வெளிச்சம் வந்ததும் நானும் முழுக்கையால் கார்டு (சேர்ந்தொலிக்கும் சுரங்கள்) போட்டேன். போட்ட மறுநொடி பாடகர் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வை இருக்கிறதே! கரண்ட் போனதில் டிரான்ஸ்போஸ், அதாவது வாசிக்கிற கட்டையை ஏற்றி இறக்கித் தரும் அமைப்பு, பூஜ்யத்துக்குப் போயிருந்தது. அவர் ஒரு கட்டையில், நான் ஒன்றரையில். அந்த இரண்டும் சேர்ந்து ஒலித்தால் எப்படி இருக்கும் என்று வீட்டில் வாசித்துப் பாருங்கள். நான் செய்த இரண்டாவது தப்பு, பாட்டுக்கு நடுவில் பட்டனைத் தேடியது. கையை எடுத்துவிட்டு, பேடையும் பேஸையும் நாலு சுற்று விட்டிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது.

அன்றிலிருந்து கீபோர்டுக்குச் சின்ன யூபிஎஸ் ஒன்று வேனில் போகிறது. கம்ப்யூட்டருக்கு வாங்குகிற சாதாரண யூபிஎஸ்தான், கீபோர்டு ஒன்றும் அப்படிக் கரண்ட் குடிக்காது. ஒவ்வொரு பாட்டின் அமைப்பையும் டிரான்ஸ்போஸோடு சேர்த்து மெமரியில் போட்டுவைத்தேன். அதற்கு மேலும், நடப்புப் பாட்டின் டிரான்ஸ்போஸ் எண்ணைக் கீபோர்டின் நெற்றியில் ஒட்டிய டேப்பில் பென்சிலால் எழுதுகிறேன். கரண்ட் வந்ததும் முதலில் அந்த டேப்பைப் பார், அப்புறம் கை வை.

உயிர் சம்பந்தப்பட்டது இன்னொன்று. கிதார் தோளில், உதடு மைக்கில் பட்டதும் சுருக்கென்று கடித்தால் அதைச் சிரித்துக்கொண்டு விடாதீர்கள். கிதார் ஆம்ப்ளிஃபயர் ஒரு லைனில், மைக்குகள் சேரும் மிக்சர் வேறு லைனில், ஏதோ ஒன்றில் எர்த் சரியில்லை என்று அர்த்தம். பையில் டெஸ்டர் ஒன்று எப்போதும் இருக்கட்டும். மைக் வலையிலும் கிதார் கம்பியிலும் வைத்துப் பாருங்கள். லேசாக எரிந்தாலும் கிதாரைக் கழற்றி வைத்துவிட்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். மேடைக் கருவிகள் எல்லாம் ஒரே லைனில், எர்த் உள்ள ஒரே பாக்ஸிலிருந்து எடுக்கச் சொல்லுங்கள். ஊம் என்ற இரைச்சலை நிறுத்துகிறேன் என்று பிளக்கின் மூன்றாவது முள்ளை யாராவது உடைக்க வந்தால் விடாதீர்கள். இரைச்சலோடு வாசிக்கலாம். பண்டிகை மேடையில் மண்தரை ஈரமாக இருக்கும், செருப்பைக் கழற்றச் சொல்வார்கள். வெறுங்காலோடு நிற்க வேண்டிய மேடையில் மேட் ஒன்றாவது விரித்துக்கொள்ளுங்கள்.

பனியும் வாத்தியமும்

மார்கழி, தையில் தேன்கனிக்கோட்டை, தளிப் பக்கம் ராத்திரிக் கச்சேரி வாசித்தால் நான் சொல்வது புரியும். சாயங்காலம் ஆறு மணிக்கு எல்லாரும் சுருதி சேர்த்திருப்பீர்கள். பத்து மணிக்குக் குளிர் இறங்கியதும் கிதார் கம்பி சுருங்கிச் சுருதி ஏறும். புல்லாங்குழலில் சுருதி இறங்கும், குழலுக்குள் காற்று குளிர்ந்தால் அப்படித்தான். டோலக், தபேலாத் தோல் ஈரம் குடித்துத் தளரும். கீபோர்டு மட்டும் அசையாது. கூட்டத்துக்கு எங்கே பிசகு என்று தெரியாது, ஆனால் ஏதோ கசக்கிறது என்று தெரியும்.

கிதார்க்காரர் மூன்று பாட்டுக்கு ஒருமுறை, சுருதி காட்டும் டியூனரைப் பார்க்கட்டும். கிதாரிலேயே மாட்டுகிற கிளிப் டியூனராக இருக்கட்டும், மேடைச் சத்தத்தில் போனில் இருக்கும் டியூனர் ஆப் எடுபடாது. புல்லாங்குழலைப் பெட்டியில் வைக்காமல் சட்டைக்குள்ளோ இடுப்பிலோ சூடாக வைத்திருந்து, தன் முறை வருமுன் ஓசை வராமல் நாலு மூச்சு ஊதிக்கொள்ளலாம். தோல் வாத்தியத்தைத் தரையில் வைக்காதீர்கள். பறை வாசிப்பவர்கள் தீ மூட்டிக் காய்ச்சுகிறார்களே, அந்தத் தீயிலிருந்து கொஞ்சம் தள்ளி டோலக்கையும் கொஞ்ச நேரம் வையுங்கள்; கிட்டே வைத்தால் தோல் கிழியும்.

ஒகேனக்கல்லில் வேறு கதை. அருவி இரைச்சல் ஓயாமல் இருக்கும், மெல்லிய முன்னிசை எல்லாம் அதில் கரைந்துவிடும். அங்கே தாளத்தோடு தொடங்கும் பாட்டுகளே சரி.

தொண்டைக்கு: பிளாஸ்கில் வெந்நீர். எட்டு மணிக்குப் பிரியாணித் தட்டு வரும், பாடி முடித்தபின் சாப்பிடுகிறேன் என்று எடுத்து வைக்கச் சொல்லுங்கள். மாங்கனிக் கண்காட்சியில் கையில் பழத்தைத் திணிப்பார்கள், அதையும் பையில் போடுங்கள்.

கூட்டத்தின் முன்

நம் பக்கத்துத் தெருக்கூத்தை ஒரு ராத்திரி முழுக்க உட்கார்ந்து பாருங்கள். பாரதக் கூத்து நடக்கும் ஊர் இங்கே பஞ்சமில்லை. கூத்தை நடத்திக்கொண்டு போகிற கோமாளி, கட்டியங்காரனைக் கவனியுங்கள். விளக்கு அணைந்தால், வேஷம் கட்டியவர் வரத் தாமதமானால், குழந்தை அழுதால், அவன் அதையே பேச்சாக்கிவிடுவான். மேடையில் ஓர் ஐந்து நொடி வெறுமையாக நிற்காது. நம் பாடகர்கள் பாட்டு முடிந்ததும் முதுகைக் காட்டித் திரும்பி "அடுத்து என்ன?" என்று கேட்டுக்கொண்டு நிற்கிறார்கள். அடுத்த பாட்டின் கட்டையைக் கீபோர்டுக்காரர் மெல்லப் பிடித்துக்கொண்டே இருக்க, ஒருவர் இரண்டு வாக்கியம் பேசினால் போதும். ஊர்ப் பெயரைச் சரியாகச் சொல்லுங்கள். பக்கத்து ஊர்ப் பெயரை மாற்றிச் சொல்லி நான் பட்டது போதும்.

பிசகினால் நிற்காதீர்கள், தலையைச் சொறியாதீர்கள், தப்பு செய்தவரைத் திரும்பிப் பார்க்காதீர்கள். வரி மறந்தால் பல்லவிக்குத் திரும்புங்கள். கூட்டமே பாடிக் கொடுக்கும். யாரைப் பார்த்து எல்லாரும் முடிப்பது என்று முன்னாலேயே பேசி வையுங்கள், எங்களுக்குப் பேட் வாசிப்பவர் இடது கையைத் தூக்குவார்.

பாட்டுச் சீட்டுகளை ஒருவர் மட்டும் வாங்கட்டும். தெரியாத பாட்டை "பார்த்துச் செய்றோங்க" என்று சொல்லி மடியில் வைத்தால் போதாது, தெரியாது என்று பணிவாகச் சொல்லி அதே படத்திலிருந்தோ அதே குரலிலோ வேறு பாட்டுத் தருவதாகச் சொல்லுங்கள். குடித்துவிட்டு மேடை ஏறுகிறவரோடு பாடகியோ நீங்களோ பேச வேண்டாம். மேடைக்குக் கீழே விழாக்குழுவில் ஒருவர் நிற்க வேண்டும் என்று முன்பே கேட்டு வாங்குங்கள். பெண்கள் உடை மாற்ற, கழிப்பறை போக ஒரு வீடு ஏற்பாடு உண்டா என்பதையும் அட்வான்ஸ் வாங்கும் நாளிலேயே கேட்டிருக்க வேண்டும். நான் மேலே எழுத மறந்துவிட்டேன், நீங்கள் மறக்காதீர்கள்.

முடிந்த பின்

பாக்கிப் பணத்தைக் கடைசி மூன்று பாட்டுக்கு முன்பே ஒருவர் கீழே போய் வாங்கிவிடட்டும். கடைசிப் பாட்டு முடிந்தால் பொருளாளர் தூங்கப் போயிருப்பார். கேபிளை முழங்கையில் இறுக்கிச் சுற்றாதீர்கள், உள்கம்பி முறுகி அடுத்த மேடையில் கரகரக்கும். அது விழுகிற வாக்கில் வட்டமாகத் தளர்த்திச் சுற்றுங்கள். நம் கேபிள் எல்லாவற்றின் நுனியிலும் ஒரே நிற டேப் ஒட்டியிருந்தால் மைக் செட்காரருடையதோடு கலக்காது. வரும்போது எத்தனை என்று எண்ணியது தாளில் இருக்கட்டும்.

கிளம்பும்போது ஒரு மணி ஆகும். சேலம் பக்கம் போகிறவர்களுக்குத் தொப்பூர் கணவாய் இருக்கிறது, ஒகேனக்கல்லிலிருந்து வருகிறவர்களுக்குக் காட்டுச் சாலை. டிரைவரைக் கச்சேரி நேரத்தில் வேனிலேயே தூங்க விடுங்கள். கேபிள் சுற்ற ஆள் குறைகிறது என்று அவரை எழுப்பாதீர்கள்.